பூமிநாதன் நின்ற இடத்துக்கு ஓர் எண் பலகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். அன்று சென்னை கடற்கரைச் சாலையில் உள்ள டி.ஜி.பி. அலுவலக நினைவுச் சின்னத்திலும் மாவட்ட ஆயுதப்படை மைதானங்களிலும் மலர்வளையம் வைத்து, குண்டு முழங்க அஞ்சலி செலுத்துகிறார்கள். மறுநாள் உங்கள் நாளிதழில் அந்தப் படம் வருகிறது. இந்த மரியாதை தொடர வேண்டும். ஆனால் திருச்சி நவல்பட்டு காவல் நிலைய எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) பூமிநாதனை நினைக்கும்போது, ஒரு நாள் அஞ்சலியோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. அவர் எந்தச் சூழ்நிலையில் உயிரிழந்தார், அந்தச் சூழ்நிலை இன்னொருவருக்கு வராமல் இருக்க என்ன செய்யலாம் என்பதை ஒவ்வொரு இரவு ரோந்துக் காவலரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அதற்காகவே இந்தக் கடிதம். சற்று நீளம்தான், பொறுத்து வெளியிட வேண்டுகிறேன்.

நடந்தது பலருக்கு மறந்திருக்கும். 2021 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை விடியாத நேரம். வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கிய மாதம். ரோந்தில் இருந்த பூமிநாதன், பைக்கில் ஆடு திருடிக்கொண்டு போனவர்களைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். அவர்கள் நிற்காமல் பறந்தார்கள். தன் பைக்கில் விரட்டிக்கொண்டே போனவர், திருச்சி மாவட்ட எல்லையைத் தாண்டி, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே உள்ள பள்ளத்துப்பட்டி வரை விடவில்லை. அங்கே ரயில்வே சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஓடியவர்களால் மேலே போக முடியவில்லை. தனி ஆளாக மடக்கிப் பிடித்தார். போனில் சக அலுவலரிடம் உதவி கேட்டார். உதவி வந்து சேர்வதற்குள் அரிவாளால் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். இந்த வழக்கில் கைதானவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். பூமிநாதன் குடும்பத்துக்கு அரசு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. சோழமாதேவியில் காவல்துறை மரியாதையோடு அவரை அனுப்பிவைத்தார்கள்.

ஆட்டுக்காகவா ஒருவர் உயிரை விடுவது என்று அன்று சிலர் கேட்டார்கள். கிராமத்தில் ஆடு வளர்ப்பவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு ஆடுதான் பேங்க் கணக்கு. பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ், பேத்திக்குக் காதுகுத்து, மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அந்தப் பட்டியிலிருந்துதான் வரும். நன்றாக வளர்ந்த ஒரு கிடா பத்தாயிரத்துக்குக் குறையாது. ஸ்டேஷனுக்கு வரும் புகார்களில் ஆடு காணோம் என்பதற்கு எப்போதுமே மதிப்புக் குறைவு. பூமிநாதன் அதற்கு முழு மதிப்புக் கொடுத்தார். அந்த ராத்திரி அவர் கண்ணை மூடிக்கொண்டு போயிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. பைக் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, டைரியில் ‘ரோந்து சென்றேன், விசேஷம் இல்லை’ என்று எழுதிவிட்டுப் படுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

ஆடு திருட்டு சனிக்கிழமை ராத்திரியில் ஏன் அதிகம் என்பது ரோந்து போகிறவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை விடியற்காலை நான்கு மணிக்கே திறந்துவிடும். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் பட்டியில் கைவைத்தால், வெளிச்சம் வருவதற்குள் ஆட்டை அறுத்துவிடலாம். தோலை உரித்துத் தொங்கவிட்ட பிறகு சொந்தக்காரரே வந்து நின்றாலும் அடையாளம் சொல்ல முடியாது. ஆகவே சனி இரவு ஒரு மணி முதல் நான்கு மணி வரை ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் திருட்டு ஆடு நகர்ந்துகொண்டிருக்கும். தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லிவிடலாம். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் இரண்டும் அகட்டி இருக்கும், நடுவில் ஆடு இருப்பதால். வண்டியின் பின்பக்கம் அமுங்கியிருக்கும். நம்பர் பிளேட் மடங்கியோ, சேறு பூசியோ, இல்லாமலேயோ இருக்கும். ஹெட்லைட்டை அடிக்கடி அணைத்து அணைத்துப் போடுவார்கள். கிட்டப் போனால் கிடாவின் வாடை வரும். ஃபுட்ரெஸ்டில் புழுக்கை ஒட்டியிருக்கும். சத்தம் போடாமல் இருக்க ஆட்டின் வாயைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். இன்னொரு பைக் நூறு அடி முன்னால் போய் ரோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போகும். அந்த முன்வண்டியைக் கவனிக்காமல் பின்வண்டியை மட்டும் விரட்டுவதுதான் பெரிய ஆபத்து. விரட்டுகிறவர் நிற்கும்போது முன்னால் போனவன் திரும்பி வந்து முதுகுப் பக்கம் நிற்பான்.

இப்போது விரட்டலைப் பற்றிச் சொல்கிறேன். பைக்கில் தனியாகப் போகும் காவலருக்கு இரண்டு கையும் ஹேண்டில்பாரில்தான் இருக்கும். வயர்லெஸ் மைக்கில் பேச வேண்டுமானால் ஒரு கையை எடுக்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் ஓடுகிறவன் மறைந்துவிடுவான். ஆகவே, பிடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எவ்வளவு அனுபவம் உள்ளவருக்கும் அந்த நிமிடத்தில் அப்படித்தான் தோன்றும். அந்த எண்ணத்தை உடைப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். விரட்டத் தொடங்கிய அந்த நொடியே, வண்டி வேகம் பிடிப்பதற்கு முன்பு, மைக்கில் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். யார், எந்த ரோடு, எந்தத் திசை, எத்தனை பேர், என்ன வண்டி. பத்து நொடிகூட ஆகாது. அந்த ஒரு வரி போய்விட்டால், பிறகு மைக் எடுக்க முடியாமல் போனாலும் கண்ட்ரோல் ரூம் தேடத் தொடங்கிவிடும்.

மைக்கும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடுப்பில் மாட்டும் வாக்கி-டாக்கியின் சக்தி 5 வாட் அளவுதான். ஜீப்பில் இருக்கும் செட்டுக்கு 25 வாட். சமதரையிலேயே ஒரு கை செட்டிலிருந்து இன்னொரு கை செட்டுக்குச் சில கிலோமீட்டர்தான் எட்டும். தைல மரத்தோப்பு, பாறை மேடு, ரயில்வே கரை குறுக்கே வந்தால் அதுவும் போச்சு. சுரங்கப்பாதையின் பள்ளத்தில் இறங்கி நின்றால் செட் ஊமையாகிவிடும். பத்து மணிக்கு ரோந்து புறப்படும்போது பேட்டரி முழுசாகக் காட்டும். பழைய பேட்டரி மூன்று மணிக்குக் கைவிட்டுவிடும். ராத்திரியில் மிக மோசமான நேரமும் அதுதான். இதற்கெல்லாம் மேலே எல்லைப் பிரச்சினை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி அலைவரிசை. திருச்சி மாவட்டக் காவலர் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழைந்துவிட்டால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கீரனூர் ஜீப்புக்கு அவர் குரல் கேட்காது. அவர் திருச்சி கண்ட்ரோலுக்குச் சொல்லி, திருச்சி கண்ட்ரோல் புதுக்கோட்டை கண்ட்ரோலுக்குச் சொல்லி, அங்கிருந்து கீரனூருக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் நிமிடங்கள் கரையும், ஊர் பெயரும் சிதையும். நவல்பட்டு, மாத்தூர், மண்டையூர், கீரனூர் போல எல்லையை ஒட்டிய ஸ்டேஷன்களின் ரோந்து செட்டுகளில் பக்கத்து மாவட்ட அலைவரிசையையும் ஒரு சேனலாகப் போட்டுவைத்தால் இது தீர்ந்துவிடும். டெக்னிக்கல் பிரிவில் செட்டைக் கொடுத்தால் புரோகிராம் செய்து தந்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் மாவட்ட எல்லை ஸ்டேஷன் அத்தனைக்கும் இது தேவை.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. ஒருவரைப் பிடிக்க இந்தியாவில் எந்த இடத்துக்கும் பின்தொடர்ந்து போகலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு அன்றே சொன்னது. இப்போது அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 45-ஆம் பிரிவு. ‘நம்ம லிமிட் முடிஞ்சுபோச்சு, திரும்பிடலாம்’ என்று பூமிநாதன் நினைத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நினைக்கவில்லை. சட்டம் அனுமதித்த வழியில்தான் போனார். ஆனால் அவரோடு செய்தித் தொடர்பும் கூட வந்திருக்க வேண்டும். உடன் ஒருவரும் வந்திருக்க வேண்டும்.

அடுத்து, இருக்கும் இடத்தைச் சொல்வது. இருட்டில், மழையில், தெரியாத ஊரில், ‘பள்ளத்துப்பட்டி பக்கம் நிக்கிறேன்’ என்று போனில் சொன்னால் வருகிறவர் எந்தப் பாதையில் வருவார்? கிராமத்துக்கு நான்கு பாதை இருக்கும். வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் நல்ல வழிதான். ரோந்து புறப்படும்போதே எட்டு மணி நேரத்துக்குப் போட்டு ஸ்டேஷன் குரூப்பில் விட்டுவிட்டால் பிறகு யாரும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் டேட்டா கிடைக்காத ஓடைக்கரையில் அது பழைய இடத்திலேயே நிற்கும். அப்போது கைகொடுப்பது கண் எதிரே எழுதியிருக்கும் எண்கள். நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல். ஊர் ரோடு என்றால் மின்வாரியக் கம்பத்து எண். ரயில் பாதை என்றால் லெவல் கிராசிங் எண், சுரங்கப்பாதை அல்லது சிறு பாலத்தின் நெற்றியில் எழுதிய பால எண். ‘ரயில்வே பாலம் நம்பர் இத்தனை’ என்று சொன்னால் ரயில்வே ஆட்கள்கூட ஓரிடத்தைத்தான் காட்டுவார்கள். இந்த எண்களைப் படிக்கும் பழக்கம் நம் காவலர்களுக்குச் சொல்லித்தரப்படுவதில்லை. புதிதாக வரும் கிரேடு-2 காவலர்களுக்குப் பகலில் ஒருமுறை தங்கள் எல்லையைச் சுற்றிக்காட்டி, இந்த எண்களை ஒரு நோட்டில் எழுதவைத்தால் போதும்.

பிடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஓட்டம் நின்றதும் உடம்பு தளரும், ‘முடிஞ்சுது’ என்று மனசு சொல்லும். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். தனியாக நிற்கும் காவலர் முதலில் எடுக்க வேண்டியது அவர்கள் வண்டியின் சாவி. அடுத்து, தன் பைக்கை ஆஃப் செய்யாமல் ஹெட்லைட்டை அவர்கள் முகத்துக்கு நேராக விட்டு, தான் வெளிச்சத்தில் நிற்காமல் பக்கவாட்டில் இருட்டில் நிற்க வேண்டும். டார்ச்சை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்காமல் இடது கையை நீட்டித் தள்ளிப் பிடிக்க வேண்டும். வீசுகிறவன் வெளிச்சத்தைக் குறிபார்த்துத்தான் வீசுவான். பிடிபட்டவர்களை நிற்கவிடக் கூடாது. காலை நீட்டித் தரையில் உட்காரவைத்து, கையைப் பிடரியில் கோக்கச் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருப்பவன் எழுந்து பாய்வதற்கு இரண்டு நொடியாவது ஆகும். அந்த இரண்டு நொடிதான் நமக்கு. எட்டடி இடைவெளிக்குள் போகக் கூடாது, உடன் இன்னொருவர் வரும்வரை.

அரிவாள் இடுப்பில் இருக்கும் என்று நினைத்து முன்பக்கம் மட்டும் தடவிப் பார்ப்பார்கள். ஆடு திருடப் போகிறவன் அதைச் சட்டைக்குள்ளே முதுகுப்பக்கம் செருகியிருப்பான், பிடி பிடரிக்குக் கீழே நிற்கும். பிடரியில் கை கோக்கச் சொல்வதால் அதுவே பிடியைத் தொடும் வாய்ப்பும் ஆகிவிடும் என்பதால், சட்டையை முதலில் மேலே தூக்கச் சொல்லி முதுகைத் திரும்பிக் காட்டச் சொல்ல வேண்டும். டேங்க் கவர், சீட்டுக்கு அடி, ஆடு இருக்கும் சாக்கு, வேலியோரம் வீசிய பை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கைதானவரைச் சோதிப்பதற்கு அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 49-ஆம் பிரிவும், ஆயுதத்தைப் பறிப்பதற்கு 50-ஆம் பிரிவும் முழு அதிகாரம் தருகின்றன. இதில் தயங்க எதுவும் இல்லை. தயக்கம் வருவது எண்ணிக்கையால்தான். ஒருவர் மூன்று பேரைச் சோதிக்க முடியாது. ஒருவன் பையில் கைவிடும்போது மற்ற இருவரும் பார்வைக்கு வெளியே போய்விடுவார்கள். ஆகவே ஒருவர், மூவர் என்றால் சோதிக்கவே கூடாது. வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு, பின்வாங்கி நின்று ஆளைக் கூப்பிட வேண்டும். ஓடினால் ஓடட்டும், வண்டி இங்கே இருக்கிறது, நாளைக்குப் பிடித்துக்கொள்ளலாம். வீரத்துக்குக் குறை வந்துவிடும் என்று இதை எந்த அதிகாரியும் நினைக்கக் கூடாது. அப்படித் திரும்பி வருகிறவரை ஸ்டேஷனில் யாரும் கிண்டல் செய்யவும் கூடாது.

ஹெல்மெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பைக்கிலிருந்து இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டுவது எல்லோருக்கும் கைப்பழக்கம். ரோந்தில் அதைக் கழற்றக் கூடாது. அரிவாள் வெட்டு விழுவது பெரும்பாலும் தலைக்கும் கழுத்துக்கும்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டின் ஓடு வெட்டை முழுசாகத் தடுக்காவிட்டாலும், முதல் வெட்டின் வேகத்தைக் குறைக்கும். முகத்தை மறைக்கும் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டால் பார்க்கவும் பேசவும் இடைஞ்சல் இல்லை. கடைகளில் விற்கும் தொப்பி போன்ற அரை ஹெல்மெட் இதற்கு உதவாது. பிடரி வரை இறங்கும் முழு ஹெல்மெட்டைத்தான் ரோந்துக்குத் தர வேண்டும்.

கைவிலங்கு விஷயத்தில் ஒரு நெருக்கடி இருக்கிறது. இஷ்டத்துக்குக் கைவிலங்கு போடக் கூடாது என்று 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவு, பழைய குற்றவாளிகள், கொலை, பயங்கரவாதம், போதைப்பொருள் போன்ற குறிப்பிட்ட வகைகளுக்கு அனுமதிக்கிறது. முதல்முறை ஆடு திருடியவர் அதில் வரமாட்டார். சிறுவர் என்றால் விலங்கே கூடாது என்று இளைஞர் நீதி விதிகள் கண்டிப்பாகச் சொல்கின்றன. இருட்டில் பைக்கில் வருபவனுக்குப் பதினாறா இருபதா என்று முகம் பார்த்துச் சொல்ல முடியாது. சின்னப் பையன் தானே என்று இரக்கப்பட்டால், அந்தச் சின்னப் பையன் கையில் அரிவாள் இருக்கலாம். இந்தச் சட்டங்கள் இருக்க வேண்டியவைதான், நாங்கள் அதை எதிர்த்துப் பேசவில்லை. விலங்கு போட முடியாத இடத்தில் ஆள் எண்ணிக்கைதான் பாதுகாப்பு. அதனால் இரவு ரோந்து ஒருவராகப் போகவே கூடாது. ஒரே பைக்கில் இருவர் போக வேண்டும். தனித்தனிப் பைக்கில் இருவர் என்றால் விரட்டும்போது பிரிந்துவிடுகிறார்கள். அப்படிப் பிரிந்தால் ஒருவர் கண்ணுக்கு மற்றவர் மறைந்ததுமே இருவரும் விரட்டலை நிறுத்திவிட வேண்டும் என்பது உத்தரவாகவே இருக்க வேண்டும்.

துப்பாக்கியைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியாது. பூமிநாதன் கொல்லப்பட்டதும் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு, இரவு ரோந்தில் துப்பாக்கி எடுத்துப் போக வேண்டும், தற்காப்புக்காகப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது என்று அறிவுறுத்தினார். நல்ல உத்தரவு. தற்காப்பு உரிமை பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. ஆனாலும் பிஸ்டல் ஸ்டேஷன் பெட்டியிலேயே தங்கிவிடுவது ஏன்? எடுத்தால் ஸ்டேஷன் பதிவேடுகளைக் கவனிக்கும் ரைட்டரிடம் கையெழுத்து, தோட்டா எண்ணிக்கை, காலையில் திரும்ப எண்ணிக்கை. ஒரு தோட்டா குறைந்தால் 3பி மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பு. மழையில் நனைந்தால் துடைத்து எண்ணெய் போட வேண்டும். வண்டியில் போகும்போது விழுந்துவிட்டால் வேலையே போய்விடும் என்ற பயம். இதனால் ‘இன்னைக்கு வேண்டாம் சார்’ என்று லத்தியோடு கிளம்பிவிடுகிறார்கள். இதற்கு வழி இருக்கிறது. பிஸ்டலைப் பெல்ட்டோடு பிணைக்கும் கயிறு கட்டாயமாக இருக்க வேண்டும். அது இருந்தால் விழாது. ரோந்து பிஸ்டலுக்குத் தனிப் பதிவேடு வைத்து, ஒப்படைக்கும் வேலையை இரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டும். இருட்டில், எட்டடி தூரத்தில், டார்ச் வெளிச்சத்தில் சுடும் பயிற்சி தர வேண்டும். பகல் வெளிச்சத்தில் ரேஞ்சில் படுத்துக்கொண்டு இலக்குப் பலகையைச் சுட்டவருக்கு நடுராத்திரியில் பள்ளத்துப்பட்டிச் சுரங்கப்பாதையில் கை வராது.

பூமிநாதன் தனியான உதாரணம் அல்ல என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். 2018 மே மாதம் நாங்குநேரி பக்கம் மணல் கடத்தலைத் தடுக்கப் போன காவலர் ஜெகதீஷ் துரை இரவில் கொல்லப்பட்டார். 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச்சாவடியில் பணியில் இருந்த எஸ்.எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 பிப்ரவரி 1 விடியற்காலை ஏரலில் எஸ்.ஐ. பாலு வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் பூமிநாதன். காரணங்கள் வெவ்வேறு. ஆனால் நாலு சம்பவமும் பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் நடந்தவை. இந்த நால்வரில் யாரும் பெரிய அதிகாரி இல்லை, ரோட்டில் நிற்கும் தட்டில் இருந்தவர்கள்தான்.

இறந்தவர் குடும்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அறிவிப்பு வரும் அன்று மைக் முன்னால் எல்லோரும் நிற்பார்கள். பத்தாம் நாளுக்குப் பிறகு அந்த அம்மாவும் பிள்ளைகளும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவார்கள். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனைச் சான்று, இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, பணியின்போது இறந்தார் என்ற எஸ்.பி. அலுவலகச் சான்று. இதில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெயர்தான். பணிப்பதிவேட்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் இன்னொன்று, பேங்க் பாஸ்புக்கில் மூன்றாவது. முப்பது வருடத்துக்கு முன்பு வேலையில் சேர்ந்தபோது எழுதிய நாமினி அப்பாவோ அம்மாவோ ஆக இருக்கும், அவர்கள் இறந்தே போயிருப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற மறந்திருப்பார்கள். கருணை அடிப்படை வேலைக்கு மூன்று வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். பிள்ளை சிறுவயது என்றால் யார் பெயரில் கொடுப்பது என்று முடிவெடுப்பதற்குள்ளேயே பாதி காலம் போய்விடுகிறது. ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 21 அணிவகுப்பு முடிந்த அன்றே, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒவ்வொருவருடைய பணிப்பதிவேட்டில் நாமினிப் பக்கத்தைப் பிரித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினால், அஞ்சலி செலுத்திய கையோடு வீட்டுக்கும் ஒரு பாதுகாப்பு ஆகிவிடும். அரை மணி நேர வேலை.

அக்டோபர் 21 என்ற தேதி வந்த கதையும் நினைவில் இருக்க வேண்டியது. 1959-இல் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், முந்தைய நாள் திரும்பி வராத சக காவலர்களைத் தேடிக்கொண்டு போன காவல் குழுவினர் மீது சீனப் படையினர் சுட்டதில் பத்துப் பேர் மாண்டனர். திரும்பி வராதவரைத் தேடிப் போனவர்கள் அவர்கள். டெல்லி சாணக்கியபுரியில் 2018 அக்டோபர் 21 அன்று திறக்கப்பட்ட தேசிய காவல் நினைவகத்தில் 30 அடி உயர, 238 டன் எடையுள்ள ஒற்றைக் கருங்கல் நிற்கிறது. அதன் சுவரில் திறப்பின்போது 34,844 பெயர்கள் இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் தந்தவர்கள். பெயர்களைக் கல்லில் படிக்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குக் கீழே, ‘எங்கே, எத்தனை மணிக்கு, தனியாகவா துணையோடா, எந்த ஆயுதம், உதவி வர எத்தனை நிமிடம்’ என்ற நான்கைந்து வரி எங்கும் இல்லை. இந்த வரிகளை ஒவ்வொரு மாவட்டமும் ஒரு பக்க அளவில் எழுதி, ஸ்டேஷனில் ஆள் கணக்கெடுக்கும் ரோல்காலில் வருடத்துக்கு ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். மத்திய மண்டல ஸ்டேஷன்களில் நவம்பர் 21 அன்று இரவு ரோந்து புறப்படுவதற்கு முன்பு பூமிநாதன் பக்கத்தை வாசிக்கலாம். வாசித்து முடித்ததும் செட், பேட்டரி, டார்ச், ஹெல்மெட், துப்பாக்கி, துணை ஆள் என்று வரிசையாகப் பார்த்து அனுப்பலாம்.

கறிக்கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். ராத்திரி நேரத்தில் தெரியாத பையன்கள் கொண்டுவரும் ஆட்டை வாங்காதீர்கள். யார் வீட்டு ஆடு, எந்த ஊர் என்று கேட்டுக் கொண்டுவந்தவர் போன் நம்பரை ஒரு நோட்டில் எழுதுங்கள். மாடுகளுக்குப் போடுவதைப் போல ஆட்டின் காதிலும் 12 இலக்க எண் உள்ள தோடு இருந்தால் அதையும் எழுதுங்கள், இல்லையென்றால் காது அறுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாங்குகிறவர் இல்லை என்றால் திருடுகிறவர் இருக்கமாட்டார். ஆடு வளர்ப்பவர்களும் தங்கள் ஆட்டின் காதில் ஒரு குறி வெட்டியோ தோடு போட்டோ வைத்துக்கொண்டால், விடிந்ததும் தேடுவதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

பத்திரிகைகளுக்கும் ஒன்று. இதுபோன்ற சம்பவத்தில் சிறுவர்கள் சம்பந்தப்பட்டால் அவர்கள் பெயரோ படமோ வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. ரத்தத்தில் கிடக்கும் காவலர் படத்தையும் தவிர்த்துவிடுங்கள். அந்தப் படம் அவர் பிள்ளைகளின் போனுக்கும் வரும்.

கடைசியாக, நினைவுச்சின்னத்தைப் பற்றிய ஒரு கோரிக்கை. பள்ளத்துப்பட்டிச் சுரங்கப்பாதையின் இரு முகப்பிலும், தமிழ்நாட்டில் தண்ணீர் தேங்கும் ஒவ்வொரு ரயில்வே சுரங்கப்பாதையின் முகப்பிலும், இரவில் ஹெட்லைட் பட்டால் ஒளிரும் ஒரு பலகை வைக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரம் போதும். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. முதல் வரியில் ரயில்வே பால எண், பெரிதாக. இரண்டாவது வரியில் ஊர், எந்தக் காவல் நிலைய எல்லை, எந்த மாவட்டம். மூன்றாவது வரியில் அவசர உதவி எண் 112. கீழே சின்ன எழுத்தில், ‘எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன் நினைவாக’. ரோட்டின் மட்டத்திலிருந்து குறைந்தது ஏழடி உயரத்தில் இருக்க வேண்டும், தண்ணீர் ஏறினாலும் மறையக் கூடாது. சுரங்கப்பாதை ரயில்வேயினுடையது, ரோடு நெடுஞ்சாலைத்துறையினுடையதோ ஊராட்சியினுடையதோ ஆக இருக்கும், ஆகவே மாவட்ட ஆட்சியர் ஒரு கடிதம் எழுதி ரயில்வே கோட்ட அலுவலகத்தின் அனுமதியை வாங்கித் தர வேண்டும். பள்ளத்துப்பட்டியில் முதல் பலகையை இந்த நவம்பர் 21-க்குள் வைத்துவிட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்,
திருச்சி மாவட்டம்.